இடைமறிங்க சார்

ரெஜினா இன்னும் சொல்லவில்லை. சொல்வாள். ஐந்து மணி விவாதம் தொடங்கி ஏழு நிமிடம்தான் ஆகிறது, முதல் சுற்றில் அவள் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. முதல் சுற்று வணக்கங்களின் சுற்று, நெறியாளர் இன்பராஜ் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவார், நாங்கள் தலையை இரண்டு அங்குலம் தாழ்த்துவோம், தாழ்த்தும்போது நெஞ்சுக்குக் கீழே பெயர்ப்பட்டை ஓடும். என் பட்டையில் பேராசிரியர் மாசிலாமணி, அரசியல் விமர்சகர் என்று இருக்கும். நான் பேராசிரியராக ஓய்வு பெறவில்லை, இணைப் பேராசிரியராகத்தான் ஓய்வு பெற்றேன், அரசு கொடுக்காத பதவி உயர்வைத் தொலைக்காட்சி கொடுத்தது. முதல் வாரம் திருத்தச் சொல்லிப் பார்த்தேன், பட்டையில் இடம் போதாது சார் என்றார்கள். இருக்கலாம், உண்மைக்கு எப்போதும் நாலு எழுத்து கூடுதலாகத்தான் வேண்டியிருக்கிறது. வலது காதில் இயர்பீஸ் அரிக்கிறது. எங்கள் சேனலில் அரங்குக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஆளுக்கொரு இயர்பீஸ் உண்டு, அதன் மறுமுனையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ரெஜினா உட்கார்ந்திருக்கிறாள். நான்கு வருடமாக என் காதுக்குள் குடியிருக்கும் பெண், நேரில் பார்த்தது மூன்று முறை. ரெடி சார் என்பாள், இடைமறிங்க சார் என்பாள், சூப்பர் சார் என்பாள், இந்த மூன்றுக்குள் ஒரு மனிதனின் மாலை முழுவதும் அடங்கிவிடுகிறது. அரைவட்ட மேசையின் மறுகோடியில், பதினான்கு மாதம் கழித்து, வழக்கறிஞர் தணிகாசலம் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு நடுவில் இருப்பது ஒன்பதடி மேசையும் நான் சொன்ன ஒரு வாக்கியமும். மெலிந்துவிட்டார், காலருக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழையும், இல்லை, இரண்டு விரல். இன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதற்கான சொற்களை மூன்று நாளாகத் தயாரித்து வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் வைத்துச் சொல்வது என்பதைத்தான் தயாரிக்கவில்லை.

தலைப்பு மழைநீர் வடிகால். யார் பொறுப்பு என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஆளும் தரப்பின் செய்தித் தொடர்பாளர் பேசிக்கொண்டிருக்கிறார், நல்ல இளைஞர், கிலோமீட்டர் கணக்கெல்லாம் மனப்பாடம், கணக்கு தீர்ந்ததும் போன ஆட்சி என்று ஆரம்பிப்பார். என் மேல் ஊதா வெளிச்சம், தணிகாசலம் மேல் பச்சை வெளிச்சம், எங்கள் கொள்கை வேறுபாட்டை முதலில் முடிவு செய்தவர் இங்கே விளக்குப் போடும் எலெக்ட்ரீஷியன்தான். மேசைக்கு மேலே எல்லோரும் கோட்டும் இஸ்திரிச் சட்டையும், மேசைக்குக் கீழே கேமரா வராது என்பதால் ரப்பர் செருப்பு. தணிகாசலம் செருப்பையும் கழற்றிவிட்டிருக்கிறார். இடது பாதத்தில் துணிக்கட்டு. சர்க்கரை இருந்தது அவருக்கு, காரில் போகும்போது பையில் இரண்டு மேரி பிஸ்கட் வைத்திருப்பார், ஒன்று எனக்கு. யார் கட்டிவிடுகிறார்கள் அந்தக் கட்டை. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. குனிந்து தன் பாதத்தைத் தானே கட்டிக்கொள்வது அந்த வயிற்றோடு முன்பு அவரால் முடிந்திருக்காது, இப்போது வயிறு இல்லை, முடியும், இளைத்ததில் ஒரு நன்மை, சீ, என்ன மூளை இது, எதை எடுத்தாலும் ஒரு சாதுரியம் செய்து பார்க்காமல் விடாது. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் மேக்கப் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கழுத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் செருகி, கண்ணை மூடி, சவரத்துக்கு உட்கார்ந்த இரண்டு கிழவர்கள் மாதிரி. மேக்கப் போடும் குமுதா பஞ்சை என் நெற்றியில் ஒற்றிக்கொண்டே, "ரெண்டு சாரையும் ஒண்ணாப் பார்த்து எவ்ளோ நாளாச்சு, இன்னிக்கு டி.வி. தெறிக்கும்" என்றாள். நான் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சார்" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், "இருக்கேன் சார்" என்றார். நல்லா என்ற சொல்லைத் திருப்பித் தரவில்லை. "முடிஞ்சதும் கார்ல சேர்ந்து போயிடலாமா சார், யூசுப்தான் இன்னிக்கும்." "ஆட்டோ சொல்லிட்டேன் சார்." திரும்பிப் போகிற ஆட்டோவை வரும்போதே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தயாரித்த சொற்களைச் சொல்ல வாயைத் திறந்தேன். குமுதா என் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

கார் விஷயத்தை வெளியே யாருக்கும் சொல்வதில்லை, அது எங்கள் தொழிலின் சின்ன ரகசியம். அவர் நங்கநல்லூர், நான் மடிப்பாக்கம், ஒரே திசையில் இருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு வண்டி அனுப்பச் சேனலுக்கு என்ன பைத்தியமா. ஒரு மணி நேரம் துரோகி, விலைபோனவர், அரைவேக்காடு என்று ஒருவரை ஒருவர் அழைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் மேக்கப்பைக் கலைத்துக்கொண்டு, ஒரே வெள்ளைக் காரின் பின்சீட்டில் தோளும் தோளும் இடிக்க உட்காருவோம். சேனல் இருக்கும் தொழிற்பேட்டையின் முனையில் டிரைவர் யூசுப் நிறுத்துவான். வாழைக்காய் பஜ்ஜி, டீ, அவருக்குச் சர்க்கரை இல்லாமல். "இன்னிக்கு நல்லாக் குரைச்சோம் சார்" என்பார் தணிகாசலம். "நீங்க மூணாவது கேள்விக்குக் கடிச்சே வெச்சுட்டீங்க" என்பேன். கோர்ட்டில் ஒருவர் கேட்பதற்காகப் பேசுவோம், இங்கே ஒருவருக்கும் கேட்கக்கூடாது என்று பேசுகிறோம், இதற்குத் தனித் திறமை வேண்டும் சார் என்பார். ஒருநாள் யூசுப் கேட்டான், "அண்ணே, எங்க வீட்ல உங்க ரெண்டு பேரால மாமனும் மச்சானும் பேசிக்கறதில்ல. நீங்க ஒரே பஜ்ஜியைப் பிச்சுத் திங்கறதை ஒரு போட்டோ எடுத்துட்டுப் போவா?" தணிகாசலம் விரலைத் துடைத்துக்கொண்டு, "எடு தம்பி. எடுத்தா உனக்கு வேலை போகும், எங்களுக்குப் பொழப்புப் போகும்" என்றார். சிரித்தோம். யூசுப் மட்டும் சிரிக்கவில்லை. அதை அன்று கவனித்தேன், கவனித்து வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம், கவனித்ததை வைத்து ஏதாவது செய்வதுதான் பழக்கமில்லை. அந்த மாமனும் மச்சானும் என்ன ஆனார்கள் என்று கேட்கவே இல்லை. பிறகு அந்த மழை நாள். யூசுப் டீ வாங்கப் போயிருந்தான், கண்ணாடி முழுக்க ஆவி, அவர் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போட்டார், போட்டுக்கொண்டே சொன்னார். ஓசூரில் அவர் மகன் எழிலன். ஒரு வருடமாகப் பேசுவதில்லை. பேத்தியைப் பள்ளிக்கூட வாசலில் யாரோ ஒரு தகப்பன், அந்த டி.வி.ல கத்துவாரே அவர் பேத்தியா நீ என்று கேட்டிருக்கிறான், குழந்தை வீட்டுக்கு வந்து தாத்தா ஏன் கத்துறாரு என்று கேட்டிருக்கிறது. "கடைசியா போன்ல ஒண்ணு சொன்னான் சார். அப்பா, ஒரே ஒரு நாள், எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் சொல்றது சரின்னு டி.வி.ல நீங்க ஒத்துக்கறதை நான் பார்க்கணும், அன்னிக்குப் புள்ளையைக் கூட்டிட்டு வீட்டுக்கு வர்றேன்னான்." கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு போட்டார். "எந்தக் கேஸ்லயும் ஜெயிச்சாதான் ஃபீஸ். இதுல தோத்தாதான் ஃபீஸ். நானும் எதுலயாவது ஒத்துக்கலாம்னு வாரா வாரம் பார்க்கறேன், நீங்க ஒண்ணாவது உருப்படியாப் பேசினாத்தானே சார்." அதற்கும் சிரித்தேன். யூசுப் டீயோடு வந்துவிட்டான். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய ஆள் என்று என்னை அவர் நினைக்கவில்லை.

"சார், ரெடி சார்" என்கிறாள் ரெஜினா. தொடர்பாளர் போன ஆட்சிக்கு வந்துவிட்டார். என் முகத்தை இப்போது ஒரு சதுரத்துக்குள் போட்டிருப்பார்கள், முகத்தை ஏளனமாக வைத்துக்கொள்ள வேண்டும், பழக்கத்தில் அதுவே அமைந்துவிடுகிறது, உதட்டின் இடது ஓரம் தானாக ஏறிக்கொள்கிறது. வீட்டில் என் மனைவி சுலோசனா சத்தத்தை அணைத்துவிட்டு இந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே அவரைக்காய் நறுக்குவாள், பேச்சைவிட அது சீக்கிரம் முடியும் என்பாள். காரில் பேசிய அந்த மழை நாளுக்கு மூன்றாவது வாரம் அது நடந்தது. தலைப்பு பேருந்துக் கட்டணம். நான் என்ன பேசினேன் என்பதே நினைவில்லை, ஏதோ புள்ளிவிவரம், ஒருவேளை அன்றைக்கென்று உருப்படியாக இருந்திருக்கலாம். தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் அரங்கில் கேட்டதே இல்லை, அப்போதே தெரிந்திருக்க வேண்டும். "இந்த விஷயத்துல பேராசிரியர் சொல்றதை நான்" என்றார். இடைமறிங்க சார் என்றாள் ரெஜினா. குரல் தாழ்ந்தால் பார்ப்பவர்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள், அவள் வேலை அது, அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தபோது உள்ளே வாதம் எதுவும் இல்லை. ஒன்றுமில்லாதபோது கைக்கு எது அகப்படுமோ அது வந்தது. "உங்க பேச்சை உங்க சொந்த மகனே கேட்கறதில்ல, நாட்டு மக்கள் கேட்கணுமா வக்கீல் சார்" என்றேன். முப்பத்தோரு வருடம் தர்க்கவியல் நடத்தியவன் நான். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் முதல் வரியாக எழுதுவேன், ஆளைத் தாக்குவது வாதத்துக்குப் பதில் ஆகாது. அடிக்கோடு கூடப் போடுவேன். பின்வரிசையில் தூங்கிய பையன்களுக்கெல்லாம் அதில் ஒரு மதிப்பெண் கேள்வி வரும் என்று தெரியும். தணிகாசலம் வாயை மூடினார். சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கீழே பார்த்து, அது நேராகத்தான் இருந்தது, அதை நேராக்கினார். சூப்பர் சார் என்றாள் ரெஜினா. அன்று தொழிற்பேட்டை வாசலில் அவர் கையைக் காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினார். பின்சீட்டில் நான் மட்டும் போனேன், யூசுப் பஜ்ஜிக் கடையில் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

பதினோரு விநாடித் துண்டு அது. என் வாக்கியத்தில் தொடங்கி அவர் மைக்கை நேராக்குவதில் முடிகிறது. யாரோ அதற்குப் பின்னால் ஒரு உடுக்கைச் சத்தம் சேர்த்தார்கள், இன்னொருவர் ஒரு கழுதை கனைப்பதைச் சேர்த்தார். என் பக்கத்து ஆட்கள் நாலு நாள் அதை ஊரெல்லாம் அனுப்பினார்கள், என் பழைய மாணவன் ஒருவன், தர்க்கத்தில் முதல் வகுப்பு, வெட்டு ஒன்று துண்டு இரண்டு ஐயா என்று எழுதினான். சுலோசனா அதை மட்டும் சத்தத்தோடு பார்த்தாள். பார்த்துவிட்டு, "அது அவர் உங்ககிட்ட மட்டும் சொன்னதா" என்று கேட்டாள். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை, அதற்கப்புறம் பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கினால் கூட அந்தக் கேள்வி என்னைப் பார்க்கிறது. பிறகு முழு ஒளிப்பதிவையும் தேடிப் பார்த்தேன், எத்தனை முறை என்று சொன்னால் வெட்கம். நான் குறுக்கே விழுவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஐந்து சொற்கள். சொல்றதை நான். நான் என்ன? ஒத்துக்கறேன் என்று முடிந்திருக்கும். முடிந்திருக்கும் என்பது அனுமானம், அனுமானத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் அந்தக் குரல். குரல் ஆதாரம் ஆகாது. ஆனால் அவர் கண் மேசையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, நேராகக் கேமராவைப் பார்த்தது, வீட்டில் ஒருவனைப் பார்ப்பதுபோல. ஓசூரில் ஒருவனை. அன்று அவர் தோற்க வந்திருந்தார், நான் ஜெயித்துத் தொலைத்தேன். எத்தனையோ முறை போனில் அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. செய்தி எழுதினேன், எழுதிப் பார்த்தால் ஒரே வாக்கியத்தில் ஒரு ஆனாலும் இரண்டு எனினும் வந்திருந்தன, அடிக்குறிப்போடு வருவது மன்னிப்பு ஆகாது என்று அழித்தேன். உண்மையில் பயந்து அழித்தேன். அவர் சேனலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் நாற்காலிக்கு யார் யாரோ வந்தார்கள், எல்லோரும் சொந்தக் கார் வைத்திருந்தார்கள்.

இப்போது என்னிடம் வருகிறது. இன்பராஜ் கையிலிருக்கும் அட்டையைத் தட்டுகிறார். தட்டினால் அடுத்த ஆள் என்று அர்த்தம். இங்கேயே கேட்டுவிடலாமா. பொதுவில் செய்த தவறுக்குப் பொதுவில் மன்னிப்பு, அதுதான் முறை, தர்க்கம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அதையும் பதினோரு விநாடியாக வெட்டுவார்கள், பின்னால் வயலின் சேர்ப்பார்கள், பேராசிரியரின் பெரிய மனசு என்று தலைப்புப் போடுவார்கள், அந்தக் கட்டுப்போட்ட கால் மேல் ஏறி நின்று இன்னொரு தடவை நான் உயரமாகத் தெரிவேன். வேண்டாம். அவரிடமிருந்து எடுத்தது ஒரு வாக்கியத்தின் பின்பாதி. அதற்கான நேரத்தைத் திருப்பித் தரலாம், என்னிடம் தர இருப்பது அது ஒன்றுதான். "சார், நீங்க ஆரம்பிங்க, தணிகாசலம் சார் உள்ள வருவார், ஒரு இருபது செகண்ட் விட்டுட்டு இடைமறிங்க" என்கிறாள் ரெஜினா, காதுக்குள், தாலாட்டுப் போல. "பேராசிரியர் அவர்களே, மக்கள் கேட்கிறார்கள், வடிகால் எங்கே" என்கிறார் இன்பராஜ். "எனக்கு ஒரு நிமிஷம் நாற்பது விநாடி இருக்குன்னு நினைக்கிறேன்" என்று நான் சொல்கிறேன், என் குரல் தாழ்ந்திருக்கிறது, "அதை வக்கீல் சாருக்குத் தர்றேன். ரொம்ப நாள் முன்னாடி அவர் பேசிட்டிருந்ததை நடுவுல நான் வெட்டிட்டேன். என்ன சொல்ல வந்தாரோ, இந்த வடிகால் பத்தி இல்லேன்னாலும் பரவாயில்ல, அவர் முடிக்கட்டும்." இன்பராஜ் அட்டையைப் பார்க்கிறார், அட்டையில் இதற்கு எதுவும் எழுதியிருக்காது. தொடர்பாளர் இளைஞர் ஏதோ சூழ்ச்சி என்று நினைத்து வாயைத் திறந்து, எந்தப் பக்கம் சூழ்ச்சி என்று தெரியாமல் மூடுகிறார்.

தணிகாசலம் என்னைப் பார்க்கிறார். இன்றைக்கு முதல் தடவை. பிறகு மேசையில் கைகளை ஊன்றிக்கொண்டு தொடங்குகிறார், "வடிகாலைப் பொறுத்தவரைக்கும் நான் என்ன சொல்றேன்னா", மெதுவாக, பள்ளத்தில் காலை வைத்துப் பார்ப்பதுபோல, "இதுல ஒரு தரப்பை மட்டும்", நிற்கிறார். இடைமறிங்க சார். நான் பேசவில்லை. "ஒரு தரப்பை மட்டும் சொல்லிட்டு", மறுபடி நிற்கிறார், கண் என் வாயைப் பார்க்கிறது, என் வாயிலிருந்து வர வேண்டியது வரவில்லை, எப்போதும் அந்த இடத்தில் வரும். சார், லைன் இருக்கா, கேக்குதா, இடைமறிங்க சார். தணிகாசலத்தின் வலது கை உயர்கிறது, உள்ளங்கை என் பக்கம், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல. "நான் முடிச்சுக்கறேன்" என்கிறார். யாரும் பேசவில்லை. "குறுக்க பேசாதீங்க. நீங்க பேசும்போது நான் குறுக்கிட்டேனா?" குரல் ஏறுகிறது, அந்தப் பழைய குரல், டீக்கடை வரை கேட்கும் குரல். "என்னை முடிக்க விடுங்க. ஒரு நிமிஷம் என்னை முடிக்க விடுங்க சார்." கேமராக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார். "முடிங்க சார்" என்கிறேன், "யாரும் பேசல." அவர் இடது பக்கம் பார்க்கிறார், வலது பக்கம் பார்க்கிறார். தூக்கிய கை தூக்கியபடியே இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அதை மடித்து, மைக்குக்குக் கொண்டுபோய், நேராக இருந்ததை நேராக்குகிறார். "ஒரு சிறிய இடைவேளை" என்கிறார் இன்பராஜ்.

இரண்டு நிமிட இடைவேளை. குமுதா பஞ்சோடு வருகிறாள், இன்பராஜ் முகத்தில் ஒற்றுகிறாள், தணிகாசலத்திடம் போய், பார்த்து, ஒற்றாமல் திரும்பிவிடுகிறாள். நான் இயர்பீஸைக் கழற்றுகிறேன். எழுந்து ஒன்பதடி நடக்கிறேன், ரப்பர் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டி வருகிறது. மூன்று நாளாகத் தயாரித்தது எதுவும் வாயில் இல்லை. "அன்னிக்குக் கார்ல நீங்க என்கிட்ட சொன்னதை" என்கிறேன், அதற்கு மேல் வரவில்லை. அவர் குறுக்கிடவில்லை. காத்திருக்கிறார், பொறுமையாக, தலையைச் சாய்த்து, கட்சிக்காரன் சொல்வதைக் கேட்கிற வக்கீல் போல. எனக்கு முடிக்கத் தெரியவில்லை. "அவன் பார்த்தான் சார்" என்கிறார் அவரே, "நீங்க சொன்னதை மட்டும் எவனோ அனுப்பியிருக்கான், அதைப் பார்த்தான். ஊர்ல போறவர்கிட்டெல்லாம் என்னைப் பத்திச் சொல்லியிருக்கீங்களாப்பான்னு கேட்டான். அதோட நம்பரை மாத்திட்டான்." "இன்னிக்கு நீங்க சொல்லியிருக்கலாம் சார், அதுக்காகத்தான்" என்கிறேன். "இப்ப அவன் டி.வி. பார்க்கறதில்ல. கேபிளையே எடுத்துட்டானாம், சம்பந்தி சொன்னார்." குனிந்து, கட்டுப்போட்ட காலைச் செருப்புக்குள் விடப் பார்க்கிறார், போகவில்லை, விட்டுவிடுகிறார். அப்படியானால் ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது, முகம் கேட்டிருக்கும், நான்கு வருடமாகப் பயிற்சி பெற்ற முகம். "வீட்ல ஒரு சத்தமும் இல்ல சார்" என்கிறார். "காலையிலேர்ந்து நாம்ப பேசறது நமக்கே கேட்குது. அதான், கூப்பிட்டாங்க, வந்துட்டேன்." கேமரா பக்கம் நிற்கும் அரங்க மேலாளர், இன்னும் ஐந்து விநாடி என்று, ஐந்து விரல்களைக் காட்டுகிறார். தணிகாசலம் என் கையை ஒருமுறை தட்டுகிறார், தட்டியது ஆறுதலுக்கா, இடத்துக்குப் போங்கள் என்பதற்கா, தெரியவில்லை. பிறகு இயர்பீஸைக் காதுக்குள் அழுத்தி வைத்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும் என் நாற்காலியைக் கோபமாகப் பார்க்கத் தொடங்குகிறார். மூன்று விரல். திரும்பி நடக்கிறேன். என் இயர்பீஸ் இன்னும் என் உள்ளங்கையில்தான் இருக்கிறது, அதற்குள்ளிருந்து, மூடிய கைக்குள் அகப்பட்ட கொசு மாதிரி, ரெஜினா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.